பேசாத கெட்டிக்காரி: மீத்திறன் மாணவி ஒருத்தி ஜெர்மன் கற்றது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் ஜெர்மன் பாடத்தின் ஐந்தாவது வகுப்பு முடிந்து எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் மேஜையில் வைத்தாள். பென்சிலால் இரண்டு பத்தி போட்டிருந்தாள். இடப்பக்கம் ஆங்கிலச் சொற்கள், வலப்பக்கம் ஜெர்மன். வாட்டர் – வாஸர். ஈட் – எஸன். டென் – ட்ஸேன். டங் – ட்சுங்க. ஷிப் – ஷிஃப். ஓப்பன் – ஓஃபன். மேக் – மாஹன்.

"சார், இங்கிலீஷ்ல ட வர்ற இடத்துல இதுல ஸ வருது, இல்லன்னா ட்ஸ வருது. ப வந்தா ஃப. க வந்தா ஹ. இது ரூலா, இல்ல தானா அமைஞ்சதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி. "ஆனா ஸ்டோன் மட்டும் ஷ்டைன். ஸ்டார், ஷ்டெர்ன். ட அப்படியே நிக்குது. முன்னால ஸ இருந்தா மாறாதோ?"

மாறாதுதான். ஜெர்மானிய மொழிகளின் மெய்யொலிகள் எப்படி இடம் மாறின என்பதை யாக்கோப் கிரிம் 1822இல் முறைப்படுத்தி எழுதினார். அவருக்கு முன்பே, 1818இல், டேனிஷ் அறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் அதைத் தொட்டிருந்தார். இன்றைய பொது ஜெர்மனுக்கு அடிப்படையான உயர் ஜெர்மனை ஆங்கிலம் முதலிய உறவு மொழிகளிலிருந்து பிரித்த இரண்டாம் மெய்யொலி மாற்றம்தான் அந்தப் பென்சில் பத்திகளில் இருந்தது, விதிவிலக்கு உட்பட. அவளுக்கு வயது 13. ஜெர்மன் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அதே நாள் வகுப்பில் ஜோடியாகப் பேசும் பயிற்சி ஒன்றும் இருந்தது. உணவகத்தில் தண்ணீர் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வாஸர் என்ற சொல்லின் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைத் தானாகவே கண்டுபிடித்தவள் தண்ணீர் கேட்கவில்லை. எதிரில் இருந்த பையன் மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டு, அவளுடைய பங்கையும் தானே சொல்லி முடித்தான்.

அந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய எட்டு மாதம் பிடித்தது. அதில் நான் செய்த இரண்டு பெரிய தவறுகளையும், பிறகு பலன் தந்த சிலவற்றையும், கடைசிவரை பலிக்காத ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். அவளுடைய பெயரோ அடையாளமோ இந்தப் பதிவுக்குத் தேவையில்லை.

யார் இவள்

தாய்மொழி தமிழ். ஆங்கிலம் பள்ளியில் படித்தது, நன்றாகவே வரும். ஜெர்மன் அவளாகக் கேட்டுச் சேர்ந்தது. எட்டுப் பேர் கொண்ட தொடக்கநிலைக் குழு, வாரம் இரண்டு வகுப்பு. மூன்றாவது வாரமே அவளுடைய அம்மா வந்து நின்றார். "அவ புத்தகத்தையே முடிச்சிட்டா சார். கிளாஸ் போரடிக்குதுங்கிறா. மேல போட முடியுமா?"

மீத்திறன் என்ற சொல்லை நாம் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். கல்வி உளவியலாளர் ஜோசஃப் ரென்சுல்லி 1978இல் சொன்ன மூன்று வளையங்கள் எனக்கு இன்றும் உபயோகமாக இருக்கின்றன: சராசரிக்கு மேலான திறன், படைப்பாற்றல், எடுத்த வேலையில் விடாப்பிடி. மூன்றும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் மீத்திறன் நடத்தை வெளிப்படும் என்பார் அவர். இவளிடம் மூன்றும் இருந்தன. யாரும் கேட்காமலே அட்டவணை போட்டதும், அதில் பொருந்தாத சொல்லை மறைக்காமல் தனியாகக் குறித்து வைத்ததும் போதுமான சான்று.

ஆனால் மொழி கற்பதற்கு இன்னொரு அளவுகோல் தேவைப்படுகிறது. ஜான் கேரலும் ஸ்டான்லி சபோனும் 1959இல் மொழி கற்கும் திறனை அளக்கும் ஒரு தேர்வை வெளியிட்டார்கள். அந்த ஆய்வுகளிலிருந்து கேரல் நான்கு இழைகளைப் பிரித்துக் காட்டினார். கேட்ட புதிய ஒலியை அடையாளம் பிடித்து மனத்தில் இருத்துவது ஒன்று. வாக்கியத்தில் ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்று உணர்வது ஒன்று. புதிய சொல்லைப் பொருளோடு சேர்த்து நெட்டுருப் போடுவது ஒன்று. நான்காவது, கொடுத்த உதாரணங்களிலிருந்து விதியை ஊகிப்பது. நான் அவளுக்கு அந்தத் தேர்வை வைக்கவில்லை. வகுப்பில் பார்த்ததை வைத்து மட்டும் சொல்கிறேன்: இரண்டாவதும் நான்காவதும் நான் கற்பித்த யாரிடமும் காணாத அளவுக்கு இருந்தன. நெட்டுரு நன்றாகவே இருந்தது. ஒலி? சாதாரணம். எட்டுப் பேரில் நாலாவதோ ஐந்தாவதோ.

அந்தக் கடைசி விஷயத்தை நான் அப்போதே எழுதி வைத்திருந்தேன். ஆனால் அதற்குரிய எடையை அப்போது கொடுக்கவில்லை. ஒரு பிள்ளை கெட்டிக்காரி என்று முடிவு செய்துவிட்டால் எல்லா இழைகளும் ஒரே உயரத்தில் இருக்கும் என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்கிறது. மொழியியலாளர்கள் நீல் ஸ்மித்தும் யாந்தி ட்சிம்ப்லியும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1995இல் எழுதிய கிறிஸ்டஃபர் என்பவரின் நிலை இதற்கு நேர் மறுகோடி. அன்றாட வாழ்க்கையைத் தனியாக நடத்த முடியாதவர் அவர். ஆனால் பதினைந்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வாசிப்பார், மொழிபெயர்ப்பார். பொது அறிவும் மொழித்திறனும் இணைந்தே நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு அவரைவிட அழுத்தமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழ் திறந்துவிட்ட கதவு

தவறுகளைச் சொல்லும் முன் இந்தப் பகுதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மற்ற மாணவர்களுக்கும் பயன்பட்டது.

ஜெர்மன் கற்கும் பெரும்பாலோர் அதை ஆங்கிலம் வழியாகவே அணுகுகிறார்கள். பாடப்புத்தகமும் அப்படித்தான். குளிர்கிறது என்று சொல்ல ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து "இஷ் பின் கால்ட்" என்பார்கள். அதற்கு ஜெர்மனில் கல்நெஞ்சக்காரன் என்பது போன்ற பொருள் வந்துவிடும். சரியான வடிவம் "மியர் இஸ்ட் கால்ட்". இதைக் கேட்டதும் அவள் சொன்னாள்: "மியர்னா எனக்கு. எனக்குக் குளிருது. நாம சொல்றதுதானே சார்?"

ஆமாம், நாம் சொல்வதுதான். "மியர் கெஃபெல்ட் தாஸ்" என்றால் எனக்கு இது பிடிக்கிறது. எனக்கு வலிக்கிறது, அவனுக்கு உதவினேன், அவருக்கு நன்றி சொன்னேன் என்று நாம் நான்காம் வேற்றுமை போடும் இந்த இடங்களில் எல்லாம் ஜெர்மனிலும் அதற்கு இணையான டாட்டிவ் வேற்றுமை வருகிறது. பள்ளிக்குப் போகிறேன், பள்ளியில் இருக்கிறேன் என்பதில் உருபு மாறுகிறதே, அதுபோலவே ஜெர்மனில் "இன்" என்ற ஒரே முன்னிடைச் சொல்லுக்குப் பின்னால், நகர்ந்தால் ஒரு வேற்றுமை, நிலைத்தால் இன்னொன்று. "வைல்" என்று தொடங்கும் காரண வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் வழியே வருகிறவர்கள் அங்கே தடுமாறுவார்கள். வினையைக் கடைசியில் வைத்தே பேசி வளர்ந்தவளுக்கு அது வீட்டுக்குள் நடப்பது மாதிரி.

ஒரு வாரத்தில் அவள் தமிழ் வேற்றுமைகளையும் ஜெர்மன் வேற்றுமைகளையும் எதிரெதிரே வைத்து ஓர் அட்டவணை கொண்டுவந்தாள். பொருந்தும் வினைகள் பச்சை மையில், பொருந்தாதவை சிவப்பில். சிவப்பில் இருந்தவைதான் சுவாரசியம். ஆசிரியரிடம் கேட்டேன் என்பது நமக்கு. ஜெர்மனில் "ஃப்ராகன்" என்ற வினைக்கு ஆசிரியர் இரண்டாம் வேற்றுமைக்குப் போய்விடுவார். உன்னை நம்புகிறேன் என்பது நமக்கு இரண்டாம் வேற்றுமை, "க்ளௌபன்" என்ற வினைக்கோ டாட்டிவ். பால் விஷயத்தில் மட்டும் அட்டவணை கையை விரித்துவிட்டது. தமிழில் பொருளைப் பார்த்தால் பால் தெரியும். ஜெர்மனில் மேஜை ஆண், கதவு பெண், ஜன்னல் இரண்டும் இல்லை. சிறுமி என்ற சொல்லே அஃறிணை மாதிரி நிற்கும். சொல்லின் கடைசியில் "ஷென்" என்ற சிறுமை விகுதி இருப்பதால் வந்த வினை அது. காரணம் சொன்னதும் அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். காரணம் இல்லாத மேஜையின் மேல் அவளுக்கு நெடுநாள் கோபம் இருந்தது.

முதல் தவறு: மேலே தூக்கிப் போட்டது

அம்மா கேட்டார், நானும் சரி என்றேன். அடுத்த நிலைக்கான எழுத்துத் தேர்வு வைத்தோம். அனாயாசமாகத் தாண்டினாள். மொழித் தேர்ச்சிக்கான ஐரோப்பியப் பொதுச் சட்டகம் 2001 முதல் ஏ1 தொடங்கி சி2 வரை படிகளை வகுத்து வைத்திருக்கிறது. அதில் பேசுவது, கேட்பது, எழுதுவது, வாசிப்பது எல்லாம் தனித்தனியாக விவரிக்கப்பட்டிருக்கும். நான் பார்த்ததோ எழுத்தை மட்டும். ஏ2 குழுவில் உட்கார வைத்தேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள்.

பெரியவர்களுக்கு வேலைக்கு ஜெர்மன் வேண்டும், நேரம் இல்லை, அதனால் வெட்கமும் இல்லை. "கெஸ்டெர்ன் இஷ் ஹாபெ கெகாங்கென்" என்று ஒருவர் தைரியமாக ஆரம்பிப்பார். அந்த நாலு சொல்லில் இரண்டு பிழை. நேற்று என்று தொடங்கினால் வினை இரண்டாவது இடத்துக்கு வர வேண்டும். போவதற்குத் துணைவினை "ஹாபெ" அல்ல, "பின்". அவள் நாற்காலியில் நெளிவாள். உதடு அசையும். திருத்தமான வாக்கியம் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். வெளியே வராது.

ஆறு வாரம் அப்படியே போனது. நான் அதை வயது வித்தியாசம், கூச்சம் என்று நினைத்தேன். கூச்சமும் இருந்தது. ஆனால் அது மட்டும் இல்லை.

இரண்டாவது தவறு: முடித்தவளுக்கு இன்னும் நாலு தாள்

இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. பயிற்சித்தாளை மற்றவர்கள் பாதி முடிக்கும் முன் அவள் முடித்து விடுவாள். சும்மா இருக்கக் கூடாதே என்று இன்னொரு தாள் கொடுப்பேன். அதுவும் முடிந்தால் இன்னொன்று. ஒரு நாள் தற்செயலாகக் கவனித்தேன். எழுதி முடித்துவிட்டு, பேனாவைப் பிடித்தபடியே, தாளின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் முடித்த பிறகு கையை எடுத்தாள்.

வேகமாக முடிப்பதற்குத் தண்டனை இன்னும் வேலை என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். கற்றுக்கொடுத்தவன் நான்.

அதே சமயத்தில் செய்த இன்னொரு அசட்டுத்தனத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பின்தங்கிய ஒரு பையனுக்கு அவளை உதவச் சொன்னேன். கெட்டிக்காரப் பிள்ளையைச் சம்பளமில்லாத உதவி ஆசிரியராக்குவது நம்மிடம் ரொம்பப் பழைய வழக்கம். அவனுக்குத் தேவைப்பட்டது கடையில் பேச நாலு வாக்கியம். அவள் அவனுக்கு மெய்யொலி மாற்றத்தை விளக்கினாள். இரண்டு பேரும் களைத்துப்போனார்கள்.

என்னதான் நடக்கிறது

ஏ2 குழுவில் இருந்து அவளை எடுத்துவிட்டு, எங்கள் எல்லோருடைய ஒப்புதலோடும் ஒரு உரையாடலைப் பதிவு செய்தேன். நான்கு நிமிடம், விடுமுறை நாளைப் பற்றி. அவள் பேசியது 6 வாக்கியங்கள். ஆறும் சரி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நீண்ட மௌனம். அந்த மௌனத்தில் என்ன நடந்தது என்று பதிவைப் போட்டுக் காட்டியே கேட்டேன்.

"முதல்ல தமிழ்ல யோசிக்கல சார். நேரா ஜெர்மன்லதான். சொல்லு வந்ததும் அது டெரா டியான்னு, ஆண்பாலா பெண்பாலான்னு பார்ப்பேன். அப்புறம் வேற்றுமை. அப்புறம் கடைசி எழுத்து மாறுமான்னு. அப்புறம் வினை எங்க வரும்னு. எல்லாம் சரின்னு ஆனதும் பேசலாம்னு பார்த்தா, அவங்க வேற பேச்சுக்குப் போயிட்டாங்க."

மொழியியலாளர் ஸ்டீஃபன் கிராஷன் இப்படிப்பட்டவர்களை அதிகமாகக் கண்காணிக்கிறவர்கள் என்று வகைப்படுத்தியிருக்கிறார். தெரிந்த விதியால் தன் பேச்சைத் தானே சோதனை போட்டுக்கொண்டே இருப்பவர்கள். எதிர்முனையில் ரிச்சர்ட் ஷ்மிட் 1983இல் எழுதிய வெஸ் என்ற ஜப்பானிய ஓவியர் இருக்கிறார். ஹவாயில் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசி, பழகி, தொழில் செய்து வாழ்ந்தார். மூன்றாண்டுகளில் அவருடைய இலக்கணம் மட்டும் பெரிதாக நகரவில்லை. என் ஏ2 குழுவில் பாதிப்பேர் வெஸ். இவள் அவர்களுக்குத் தலைகீழ்.

விதி எவ்வளவு சீக்கிரம் புரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் அது வாய்க்கு வரும் என்று அவளும் நம்பினாள், நானும் நம்பியிருந்தேன். கணக்கில் அப்படித்தான். சூத்திரம் புரிந்தால் விடை வந்துவிடும். அவள் வாழ்க்கையில் அதுவரை படித்தது எல்லாம் அந்த மாதிரிப் பாடங்கள். மொழியில் புரிந்துகொள்ளும் வேகத்தை மீத்திறன் கூட்டுகிறது. நாக்கும் காதும் பழகுவதற்கு வேண்டிய மணிநேரத்தை அது அவ்வளவாகக் குறைப்பதில்லை. கனடாவில் 1965 முதல், பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் மூழ்கல் வகுப்புகளில் படித்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மெரில் ஸ்வெய்ன் 1985இல் எழுதியதும் இதை ஒட்டியதுதான். அந்தப் பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் தாய்மொழிக்காரர்களுக்கு அருகில் வந்துவிட்டார்கள், பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கினார்கள். வெளியே சொல்லிப் பார்க்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்குப் போதவில்லை என்றார் ஸ்வெய்ன்.

இன்னொன்றும் இருந்தது. "தப்பாப் பேசினா மூஞ்சி சூடாகுது சார்" என்றாள். தப்புச் செய்து பழக்கமே இல்லாதவள் அவள். சின்ன வயதிலிருந்து எல்லோரும் கெட்டிக்காரி, கெட்டிக்காரி என்றே சொல்லியிருக்கிறார்கள், என்னையும் சேர்த்து. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட சோதனைகள் நினைவுக்கு வந்தன. உன் அறிவே அறிவு என்று பாராட்டப்பட்ட குழந்தைகள், நன்றாக உழைத்தாய் என்று பாராட்டப்பட்டவர்களைவிட, பிறகு ஒரு தோல்வி வந்தபோது சீக்கிரம் துவண்டார்கள். பேச்சு வகுப்பு என்பது நிமிடத்துக்கு ஒரு சின்னத் தோல்வி. அதைத் தாங்கும் தோல் அவளுக்கு இன்னும் வளரவில்லை.

மாற்றியமைத்தது

அவளைப் பழைய குழுவுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன். அம்மாவுக்கு இதில் வருத்தம். "கீழ இறக்கிட்டீங்களே சார்" என்றார். இறக்கவில்லை, பிரித்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பியது போலத் தெரியவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

ஒவ்வொரு பாடத்துக்கும் முன்பு ஒரு சிறிய சோதனை வைத்தேன். தெரிந்தது எதையும் அவள் மறுபடி எழுத வேண்டாம். பாடத்திட்டத்தை இப்படி இறுக்குவது ரென்சுல்லியும் அவருடைய சகாக்களும் எழுபதுகளிலேயே வகுத்த முறை. புதிய பொருள் எதுவும் வாங்க வேண்டாம், ஆசிரியருக்குக் கொஞ்சம் கூடுதல் தயாரிப்பு, அவ்வளவே. இலக்கணப் பயிற்சியில் பெரும்பகுதி இப்படிக் கழிந்துவிட்டது.

மிச்சமான நேரத்தை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பங்கு அவள் மூளைக்கு. மொழியியல் ஒலிம்பியாட் பாணிப் புதிர்கள் கொடுத்தேன். முன்பின் தெரியாத ஒரு மொழியில் பத்து வாக்கியம், அவற்றின் பொருள், பதினோராவது வாக்கியத்தை நீயே எழுது என்கிற வகை. பள்ளி மாணவர்களுக்கான இந்தப் போட்டி 1965இல் மாஸ்கோவில் தொடங்கியது. 2003இல் பல்கேரியாவில் முதல் சர்வதேச ஒலிம்பியாட் நடந்தது. அந்த மொழி யாருக்கும் தெரியாது என்பதால் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பார்கள், தரவு மட்டுமே துணை. இது ஜெர்மன் கற்பதற்கான பயிற்சி இல்லை என்று அவளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன். உனக்குப் பசிக்கிறது, அதற்காக இது என்றேன். பேச்சு வகுப்பில் விதி தேடும் அரிப்பு குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் வழியில்லை.

மற்றப் பங்கு வாய்க்கு. ஒரே கதையை மூன்று வேறு ஆட்களுக்கு முதலில் நான்கு நிமிடத்தில், பிறகு மூன்றில், பிறகு இரண்டில் சொல்ல வேண்டும். பால் நேஷன் எழுதிப் பரவலான பயிற்சி இது. சொல்ல வேண்டிய செய்தி ஏற்கனவே கையில் இருப்பதால், மூன்றாவது முறை சோதனை போட நேரம் இருக்காது, வாய் தானாக ஓட வேண்டும். நடுவில் யாரும் திருத்தக் கூடாது.

அவளுக்குப் பிடிக்கவே இல்லை. "ஒரே கதையை மூணு தடவையா? எதுக்கு சார்?" திரும்பச் செய்வது இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வேம்பு. ஏன் என்று சொல்லாமல் செய்யச் சொன்னால் செய்ய மாட்டார்கள், செய்தாலும் ஒப்புக்குச் செய்வார்கள். சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பேசினாள், ஆனால் பழையபடி நிறுத்தி நிறுத்தித்தான்.

பிழை நோட்டு

கதவைத் திறந்தது நான் திட்டமிட்டதல்ல. புதிர் நேரத்தில் ஏதோ பேச்சில் மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் சொன்னதைச் சொன்னேன். கற்பவரின் பிழை வெறும் குப்பை அல்ல, அவர் மனத்தில் அந்த நேரத்தில் இயங்கும் ஓர் ஒழுங்கின் தடயம். ஐந்து ஆண்டு கழித்து லாரி செலிங்கர் அந்த நடுவழி ஒழுங்குக்கு இடைமொழி என்ற பொருளில் பெயரே வைத்தார். தாய்மொழியும் இல்லை, கற்கும் மொழியும் இல்லை, கற்பவருக்கென்று தனியாக ஓர் இலக்கணம்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப என் ஜெர்மனுக்குன்னு ஒரு கிராமர் இருக்கா?"

"இருக்கு."

"அதைக் கண்டுபிடிக்கணும்னா?"

"நீ பேசணும். ஆறு சரியான வாக்கியத்தை வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

அடுத்த வகுப்புக்குப் புது நோட்டோடு வந்தாள். தன் பேச்சைத் தானே பதிவு செய்து, வீட்டில் கேட்டு, பிழைகளைப் பொறுக்கி, வகை பிரித்து எழுத ஆரம்பித்தாள். முகம் சூடாவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சூடான அடுத்த நொடி ஆய்வுக்கு ஒரு சான்று கிடைத்த மகிழ்ச்சியும் தெரிந்தது. அவளை ஊமையாக்கி வைத்திருந்த அதே பகுத்தாய்வுப் புத்திக்குத் தீனியாக இப்போது அவளுடைய சொந்தப் பேச்சே தேவைப்பட்டது. நானாக யோசித்திருந்தால் அந்தப் புத்தியை அடக்கத்தான் வழி தேடியிருப்பேன்.

நோட்டில் அவள் கண்டெடுத்ததில் ஒன்று மட்டும். பெயர்ச்சொற்களின் பாலில் அவள் செய்த பிழைகள் சிதறலாக இல்லை. "எ" ஒலியில் முடியும் சொல் எல்லாவற்றையும் பெண்பாலாக்கியிருந்தாள். ஜெர்மனில் அந்த ஈற்றுச் சொற்களில் பெரும்பான்மை பெண்பால்தான். ஆனால் பெயர் என்ற பொருள் தரும் "நாமெ" ஆண்பால், கண்ணைக் குறிக்கும் "ஔகெ" இரண்டும் இல்லாதது. யாரும் சொல்லித் தராத ஒரு விதியை அவள் மனம் சத்தமில்லாமல் வடித்து, அதிகப்படியாக நீட்டியிருந்தது. நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்தாள்: "இது நான் போட்ட ரூல் இல்லை. யார் போட்டது?"

நான்காவது மாதப் பதிவு: அதே நான்கு நிமிடம், வேறு தலைப்பு. 31 வாக்கியங்கள், அவற்றில் 12 பிழை. அம்மாவிடம் காட்டியபோது அவர் பிழைகளைத்தான் முதலில் எண்ணினார். முன்னால் சுத்தமா பேசினாளே என்றார். முன்னால் பேசவே இல்லை என்று இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது பதிவில் ஓரிடத்தில் அவள் சிரிக்கிறாள். அம்மா அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார்.

பலிக்காதது

உச்சரிப்பு. முதல் வாரமே எழுதி வைத்த அந்தச் சாதாரணக் காது கடைசிவரை சாதாரணக் காதாகவே இருந்தது. ஜெர்மனின் "யூ" ஒலிக்கு நாக்கு இ-யின் இடத்தில் இருக்க வேண்டும், உதடு மட்டும் உ-வுக்குக் குவிய வேண்டும். ஒரே தடவையில் புரிந்துகொண்டாள். பையன்களுக்குப் படம் போட்டும் விளக்கினாள். அவளுக்கு வர ஐந்து மாதம் ஆனது. படம் புரியாத ஒரு பையனுக்கு இரண்டாவது வாரமே வந்துவிட்டது.

அதைவிடக் கஷ்டம் "கிர்ஷெ". தேவாலயம் என்பதற்கும் செர்ரிப்பழம் என்பதற்கும் ஜெர்மனில் ஏறக்குறைய ஒரே ஒலிதான். தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. முதலாவதில் ய்-யை ஓசையில்லாமல் மூச்சாக மட்டும் விட வேண்டும். இரண்டாவதில் நம்முடைய ஷ். அவளால் இரண்டையும் கேட்டுப் பிரிக்கவே முடியவில்லை. பிரித்துக் கேட்காத ஒலியைப் பிரித்துச் சொல்ல முடியாது. தினமும் கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு எது என்று சொல்லும் பயிற்சி செய்தோம். பத்துக்கு ஐந்தில் தொடங்கி ஏழில் நின்றது. இங்கே அறிவு ஒத்தாசைக்கு வரவில்லை.

பத்தாவது மாதம் நான்கு திறன்களையும் தனித்தனியாக மதிப்பிட்டேன், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. வாசிப்பும் எழுத்தும் பி1. கேட்பதும் பேசுவதும் ஏ2. ஒரே பெண், இரண்டு படி. நான் இதைக் குறையாக எழுதவில்லை, அட்டவணையில் இருப்பதை எழுதுகிறேன்.

இந்தப் பதிவை வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்கு மருந்து எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பார்த்தவனும் நானே, கற்பித்தவனும் நானே. ஒப்பிட இன்னொரு மாணவி இல்லை. இடையில் அவளுக்கு ஒரு வயதும் கூடியிருக்கிறது, அதனால் மட்டுமேகூடச் சிலது மாறியிருக்கலாம். தவிர, இவளுக்கு நேர் எதிரான ஒரு பையனையும் நான் கற்பித்திருக்கிறேன். எந்த ஒலியையும் ஒரு தடவை கேட்டால் அச்சாகத் திருப்பிச் சொல்வான், இலக்கணம் என்றால் தூங்கிவிடுவான். அவனிடம் போய்ப் பிழை நோட்டுப் போடு என்றால் வகுப்புக்கே வந்திருக்க மாட்டான். அவனும் மீத்திறன்தான்.

போன மாதம் அம்மா மறுபடி வந்தார். "அடுத்து ஜப்பானிய மொழி தொடங்கலாமா சார்? புதிர்ல அது வந்துச்சாம், கேட்டுக்கிட்டே இருக்கா." அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"எழுத்து மட்டும் இப்பவே ஆரம்பிக்கலாம் சார். பேச்சு வேண்டாம். இன்னும் கிர்ஷெயே வரல."

எந்தக் கிர்ஷெ என்று கேட்டேன். சொன்னாள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. நோட்டை எடுத்து அதையும் குறித்துக்கொண்டாள்.